ரப்பர் எண்ணெயில் எலுமிச்சை வாசம்

"தெளிந்த எண்ணெய் இறங்கியது. எலுமிச்சை வாசம். எழுதிவைக்காவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன்."

ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதிய குறிப்பு இது. முன்பக்கத்தில் தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டு மட்டும் பிழைத்திருக்கிறது: 2603. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டுக் கணக்கில் ஆண்டை எழுதச் சொன்ன காலம். நம் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

மாதம் எது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். புகைக்கூடத்துக்குப் பின்னால் மலாய்க்காரர் கிராமமான கம்பத்து மரங்களில் டுரியான் விழத் தொடங்கியிருந்தது நினைவிருக்கிறது. அதனால் ஆனி அல்லது ஆடி என்று வைத்துக்கொள்கிறேன். ஆவணி என்று சொல்பவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் சிரம்பானுக்குத் தெற்கே, ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருந்தது. ரப்பர்த் தாளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தின் பின்புறம், கல் அடுப்பின் மேல் ஓர் இரும்புப் பீப்பாய். அதன் தலையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தண்ணீர் நிறைந்த மரத்தொட்டிக்குள் முழுகி, மறுபக்கம் எழுந்து ஒரு தகரத்துக்கு மேல் வந்து நின்றது. குழாயின் நுனியில் சொட்டு சேர்ந்து, நீண்டு, விழுந்தது.

அதற்கு முந்திய நாட்களில் விழுந்ததெல்லாம் கறுப்பு. தார் மாதிரி இருக்கும். செத்த எலி மாதிரி நாறும். அன்று விழுந்த சொட்டு வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது.

தோட்ட அலுவலகக் கணக்கரான பெரிய கிராணியின் மகன் நடராஜா அதை விரலில் ஏந்தி முகர்ந்தார். அந்த விரலை என் அண்ணன் மணியத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சின்னையா, இது நம்ம பீப்பாதானே?" என்றார் அண்ணன்.

லாரி டிரைவர் ராயப்பன் குனிந்து முகர்ந்தார். "சக்கர இருந்தா கலக்கிக் குடிக்கலாம்லா."

எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் புகைக்கூடத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்த லுக்குட் வாசகர் ஒருவர், தங்கள் தோட்டத்திலும் அந்தக் காலத்தில் ரப்பரிலிருந்து எண்ணெய் காய்ச்சியதாகவும், நாற்றம் தாங்காமல் நாய்கள் ஊரைவிட்டே போனதாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் சொல்லப்போவதும் சரி.

எண்ணெய் எதற்கு

வெள்ளைக்காரத் தொரை போனபின் தோட்டத்தை ஒரு ஜப்பான் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன் மேலாளர் எப்போதாவது சிரம்பானிலிருந்து வருவார். அவரையும் நாங்கள் தொரை என்றே சொன்னோம். முன்னால் ஜப்பான் என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டோம். மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோல் இல்லை. ராயப்பனின் லாரி கொட்டகையில் கட்டைமேல் நின்றது. கோழிகள் அதில் குடியேறியிருந்தன.

சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுத்த வருடமும் அதுதான். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயங்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை; அவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இங்கே நடுவில் நுழைத்தால் அவர்களுக்கு மரியாதை ஆகாது. அடுத்த முறை போகவேண்டியவர்களில் என் அண்ணன் பெயரும் இருந்தது என்று மட்டும் இப்போது சொல்கிறேன். அண்ணன் புகைக்கூடத்துக்குத் தீ போடுபவர். அவர் மனைவி காத்தாயி அண்ணிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நடராஜா சிங்கப்பூரில் கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தவர். யுத்தம் வந்து கல்லூரியை மூடியதும், சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கும் போக வழியில்லாமல், தோட்டத்தில் தகப்பனார் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் அண்ணனும் ஒரே வயது. சிறு வயதில் சேர்ந்து பட்டம் விட்டவர்கள்.

அண்ணனின் பெயர் போயிருப்பது தெரிந்த மறுநாள், நடராஜா ஜப்பான் தொரையிடம் போய், ரப்பரிலிருந்து லாரி ஓடும் எண்ணெய் எடுக்கமுடியும் என்றார். தொரைக்கு மலாயில் சில சொற்கள் தெரியும். "போலே?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம். "போலே," என்றார் நடராஜா.

பேச்சு இப்படி முடிந்தது. அந்த எண்ணெயில் லாரி ஒரு பாரம் ரப்பர்த் தாளை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போய், தெமியாங் கிட்டங்கியில் இறக்கிவிட்டு, நிற்காமல் திரும்பி வரவேண்டும். வந்துவிட்டால் பீப்பாயில் வேலை செய்பவர்கள் தோட்டத்திலேயே இருக்கலாம். பீப்பாய்க்குத் தீ போடுபவர் அண்ணன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள். பள்ளிக்கூடத்தை மூடியபின் மற்றப் பெண்களோடு ஒட்டுப்பால் உரிக்கப் போனேன். மரத்து வெட்டில் காய்ந்து நூலாக ஒட்டியிருக்கும் பால் அது. பீப்பாய்க்குத் தீனி அதுதான்.

முதல் காய்ச்சலில் வந்த கறுப்பைப் பார்த்து எல்லாரும் முகம் சுளித்தார்கள். நடராஜா மட்டும் கலங்கவில்லை. "ஒருக்கால் காய்ச்சினது காணாது. இந்தக் கறுப்பைத் திருப்பி ஊத்தி, மெல்லிய நெருப்பில காய்ச்சவேணும்," என்றார். இரண்டாம் காய்ச்சலில் வந்ததுதான் அந்த வாசம்.

கருகிய பழம்

பீப்பாய் ஆறியதும் மூடியைத் திறந்து அடியில் இருந்த தாரைச் சுரண்டினார்கள். நடராஜாவின் கரண்டியில் ஒரு கரிய உருண்டை வந்தது.

"இதென்ன?"

அண்ணன் ஆகாயத்தைப் பார்த்தார். விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்த காத்தாயி அண்ணிதான் பதில் சொன்னார்.

"நாந்தான் போட்டேன், சின்னையா. இவரு தலையச் சுத்திப் போட்டேன். திருஷ்டி கழியட்டும்னு."

"தேசிக்காயோ?" என்றார் நடராஜா. அவர்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்துக்கு அதுதான் பெயர்.

"ஆமா. அதான் மணக்குது."

இந்தச் செய்தி நடராஜா கரண்டியைக் கீழே வைப்பதற்குள் லயங்களுக்குப் போய்விட்டது. காத்தாயி எலுமிச்சம்பழம் போட்டாள், எண்ணெய் மணக்கிறது. குழாயைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை.

"ஒரு தேசிக்காய் ஒரு பீப்பா எண்ணெயை மணக்கப் பண்ணுமோ?"

"பண்ணிருச்சே, சின்னையா."

நடராஜாவுக்குக் கோபம் வாசத்தைப் பற்றி மட்டுமல்ல. பழத்துக்குள் தண்ணீர் இருக்கிறது. கொதிக்கிற எண்ணெய்க்குள் தண்ணீர் சிக்கினால் பொங்கிச் சீறும். மூடியைத் தூக்கியடித்துத் தீயில் கொட்டும். தீக்கு முன்னால் நிற்பவர் மணியம். அடுப்பு மூட்டுவதற்கு முன்னமே போட்டதால் நீர் மெல்ல மெல்ல ஆவியாகிப் பிழைத்தோம் என்றார். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வெடிக்கலையே, சின்னையா."



வருகிறேன் என்று சொன்ன ஜப்பான் தொரை வரவில்லை. தகரம் புகைக்கூடத்து ஜன்னலில் திறந்தபடி இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் முகர்ந்துவிட்டுப் போனார்கள். சில நாட்களில் நிறம் கறுத்தது. பிறகு ஒருநாள் ராயப்பன் குச்சியை விட்டுத் தூக்கினார். வெல்லப்பாகு போல நூல் இழுத்தது.

"இத ஊத்துனா என் லாரி அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும்."

அன்றைக்கே கிராணி வீட்டுக்குச் செய்தி வந்தது. வரும் வெள்ளிக்கிழமை தொரை வருகிறார். காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து, அதே எண்ணெயில் லாரியை அனுப்பவேண்டும். அடுத்த திங்களன்று சயாமுக்கு ஆள் ஏற்றும் லாரி.

அண்ணி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "பழத்தோட சக்தி தீந்துபோச்சு. ஒரு பழம் எத்தன நாளைக்குத் தாங்கும்? இந்தத் தடவ நாலு போடணும்."

மற்றப் பெண்களுக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கிருந்தோ பழங்களும் வந்துவிட்டன. அண்ணி அவற்றை மடியில் கட்டிக்கொண்டு பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பழம் போடாமல் நெருப்பு இல்லை. நிறைமாதக்காரியை யார் எழுப்புவது?

சாம்பலில் ஒரு பாடம்

இங்கே சோப்பைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லவேண்டும். அது இல்லாமல் அடுத்தது விளங்காது.

சோப்புக்கட்டியைக் கண்ணால் பார்க்காத காலம் அது. லயத்துப் பெண்கள் விறகுச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, அந்த நீரில் தேங்காயெண்ணெயை ஊற்றிக் கிண்டுவார்கள். கை ஓய்ந்துபோகும் நேரத்தில் கெட்டியாகும். ஒருநாள் நான் கிண்டிக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்த நடராஜா நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"செல்லம், உள்ளுக்க என்ன நடக்குதெண்டு தெரியுமோ உமக்கு?"

தெரியாது என்றேன். சிந்தியிருந்த சாம்பலில் குச்சியால் வரைந்து காட்டினார். இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன என்றால், நடுவில் ஒரு சோடி எலக்ட்ரான் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று போட்ட பொதுச்சொத்து. எண்ணெயில் ஓரிடத்தில் ஒரு கார்பன், பக்கத்தில் ஆக்சிஜன். ஆக்சிஜன் அந்தச் சொத்தைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் கார்பனுக்கு எப்போதும் ஒரு குறை. சாம்பல் நீரில் இருப்பதோ, எலக்ட்ரான் மிஞ்சிக் கிடக்கிற ஆள். குறை இருக்கும் இடத்தைப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஆனா வாங்கில இடமில்லை. புதுசா ஒருத்தர் வந்து இருந்தா, இருந்தவர் ஒருத்தர் எழும்பிப் போகவேணும்." வாங்கு என்றால் அவர்கள் பேச்சில் பெஞ்சு.

"போறவரு வெறுங்கையோடவா போவாரு?"

"இல்லை. பொதுவில இருந்த ரெண்டையும் தூக்கிக்கொண்டு போவார்."

"நல்ல பங்காளி," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஒரு வளைந்த அம்பு போட்டார். அம்பு எப்போதும் இருப்பவரிடம் தொடங்கி இல்லாதவரிடம் முடியவேண்டும். திருப்பிப் போட்டால் பரீட்சையில் சுழி. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், யார் எழுந்து போகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி ரசாயனம் தெரிந்த மாதிரி என்றார். பிற்காலத்தில் நூலகத்தில் எடுத்துப் படித்த தடித்த புத்தகங்களிலும் இதையே கண்டேன். அவற்றில் வாங்கு என்ற சொல் மட்டும் இல்லை.

பெரட்டுக் களத்தில் சங்கிலி

அண்ணி மடியில் பழத்தோடு உட்கார்ந்த அன்று மதியம் நடராஜா என்னிடம் வந்தார்.

"இனி வாயால சொல்லி விளங்காது. காட்டுறன். எல்லாரையும் களத்துக்கு வரச்சொல்லும்."

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் இடம் பெரட்டுக் களம். புல்வெட்டும் பெண்களும் பால்வெட்டும் பெண்களும் வந்தார்கள். ஆண்கள் ஓரமாக நின்றார்கள். அண்ணியை ஒரு பெஞ்சில், மடிப்பழங்களோடு, முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

நடராஜா பெண்களைக் கைகோத்து நீளமாக நிற்கச் சொன்னார். நாலு பேர் ஒரு கூட்டம். நடுவில் நிற்கும் இரண்டு பேருக்குக் கைகோத்தது போதாது என்று இடுப்பில் ஒரு துண்டையும் சேர்த்துக் கட்டினார். அந்த இருவரில் ஒருத்தியின் சேலையைப் பிடித்தபடி இன்னொருத்தி. ஆக ஐந்து பேர் ஒரு குடும்பம். அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி அடுத்த குடும்பம். களம் முடியும்வரை வரிசை போயிற்று.

"இதுதான் ரப்பர். உண்மையில இந்த வரிசை ரந்தாவரைக்கும் போகும்."

"என் கையப் புடிக்க ஒரு ஆளும் இல்லையா?" என்றார் ராயப்பன்.

"நீங்கள்தான் நெருப்பு. தகரத்தைத் தட்டுங்கோ."

ராயப்பன் காலித் தகரத்தைத் தட்டினார். முதலில் மெதுவாக. பெண்கள் லேசாக ஆடினார்கள். தட்டு வேகமாக வேகமாக, வரிசை பாம்பு போல நெளிந்தது. சிரிப்பும் கூச்சலும். ஓரிடத்தில் கை நழுவியது. நழுவியது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில், ஒற்றைக் கையால் பிடித்திருந்த இடத்தில். துண்டு கட்டிய இடம் ஒன்றும் அறுபடவில்லை.

"நில்லுங்கோ. செல்லம், சோப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

பார்த்தேன். சோப்பில் போகிறவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். இங்கே இருவரும் அவரவர் கையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். சரிபாதி.

"ஓம். சூட்டில பிரியிறது இப்பிடித்தான். ஆனா பாருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரு வெறுங்கை நிக்குது. வெறுங்கை சும்மா இராது."

வரிசையின் அறுந்த நுனியில் நின்றவள் அஞ்சலை. கையை நீட்டிக்கொண்டு விழித்தாள்.

"ஆரையாவது பிடியுங்கோ, அஞ்சலை."

"யார சின்னையா புடிக்கிறது? பக்கத்துல ஆளே இல்ல."

"உங்கட வரிசையிலயே திரும்பிப் பிடியுங்கோ."

அஞ்சலை வளைந்து திரும்பினாள். கை எட்டிய ஆளைப் பிடித்தாள். அவள் ஆறாவது ஆள், அடுத்த குடும்பத்தில் துண்டு கட்டியிருந்தவள். துண்டு அவிழ்ந்தது, அந்தக் கை அஞ்சலையைப் பிடித்துக்கொண்டது. தகரம் மறுபடி அதிர்ந்தது. பின்னால் இன்னொரு பிடி நழுவ, ஆறு பேர் ஒரு வட்டமாக, ஒருத்தி சேலையைப் பிடித்தபடி, மூன்று பேர் வாலாகத் தொங்கியபடி, பத்துப் பேர் களத்தின் நடுவில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். மீதி வரிசையின் நுனியில் இப்போது வேறொருத்தியின் கை வெறுங்கையாக நின்றது. அவளும் வளைந்தாள்.

"இந்த வட்டம்தான் மணக்கிறது," என்றார் நடராஜா. அஞ்சலை தன் கையை முகர்ந்து பார்த்தாள். களமே சிரித்தது.

சில இடங்களில் ஒரே குடும்பம், ஐந்து பேராக, தனியே பிய்ந்துகொண்டு ஓடியது. காய்ச்சும்போது முதலில் வந்து, கையில் பட்டதும் காணாமல்போகும் மிக லேசான சொட்டு அதுதான் என்றார். அஞ்சலையின் வட்டம் இடப்பக்கம் வளைந்திருந்தது, அடுத்தவளின் வட்டம் வலப்பக்கம். வெறுங்கைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் பாதி இப்படி, பாதி அப்படி வரும் என்றார்.

"அப்ப கெட்டுப்போனது ஏன்?" என்று கேட்டார் அண்ணன்.

நடராஜா வட்டங்களில் இன்னும் கட்டியிருந்த துண்டுகளைக் காட்டினார். துண்டு இருக்கிற இடமெல்லாம் ஒரு கை மிச்சம். காற்றும் வெயிலும் படப்பட அவை அவிழ்ந்து பக்கத்து வட்டங்களைப் பிடிக்கத் தொடங்கும். பிடித்துப் பிடித்து மறுபடி நீளமாகிவிடும். அதுதான் பாகு. சக்தி தீரவில்லை, திறந்துவைத்ததுதான் பிழை. காய்ச்சிய அன்றே, மூடிய தகரத்தில் வைத்து, லாரிக்கு ஊற்றவேண்டும்.

"அதான் நானும் சொன்னேன்"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார்.

"எல்லாம் சரி, சின்னையா. அப்ப இதுவும் ஏன் அதே வாசம் மணக்குது?"

நடராஜா இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஏனெண்டா... தேசிக்காய்த் தோலுக்குள்ள இருக்கிறதும் இதே வட்டம்தான்."

"அதான் நானும் சொன்னேன்," என்றார் அண்ணி.

களத்தில் எழுந்த சத்தத்தில் அவர் மேற்கொண்டு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. பழத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே பக்கம் வளைந்தது, நம் பீப்பாயில் வருவது இரண்டும் கலந்தது, ஆகவே இது பழத்திலிருந்து வந்ததல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராயப்பன் அவர் தோளில் கைபோட்டு, "விடுங்க சின்னையா, உங்க கட்சிக்கு நான் ஒரு ஆளு இருக்கேன்," என்றார்.

அண்ணன் பெஞ்சுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"காத்தாயி. உள்ள தண்ணி வெடிச்சா மொத ஆளு நான்தான். சயாமுக்கும் போவேணாம், எங்கயும் போவேணாம்."

அண்ணியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஒங்க லாரிக்குச் சக்கரம் எத்தன?"

"நாலுலா. ஏன்?"

"சரியா இருக்கு. பீப்பாக்குள்ள போடல. சக்கரத்துக்குக் கீழ வைக்கிறேன்."

"வை, தாயி. அதுக்கும் திருஷ்டி இருக்கு. ஒரே எடத்துல நின்னு தின்னுதுன்னு ஊரே பாக்குது."

வெள்ளிக்கிழமை

ஜப்பான்காரர்கள் கடிகாரத்தையும் தோக்கியோவுக்குத் திருப்பிவைத்திருந்தார்கள். தொரை காலை என்று சொன்ன நேரம் எங்களுக்கு இருட்டு. அண்ணன் கடிகாரத்தை விட்டுச் சேவலை நம்பினார். தொரை வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது, முந்தின நாள் இறக்கிய கறுப்பின் கீழ் அடுப்பு சீராக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் தீயை வளர்த்ததை இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு கட்டையை இழுப்பார், ஒரு கட்டையைத் தள்ளுவார். குழாய் நுனியைப் பார்ப்பதே இல்லை. சொட்டின் சத்தத்தைக் கேட்டே தீயைக் கூட்டினார், குறைத்தார்.

முதல் லேசான சொட்டு போயிற்று. பிறகு தெளிந்த எண்ணெய் வந்தது. பிறகு அந்த வாசம்.

தொரை எழுந்து வந்து முகர்ந்தார். முகம் இறுகியது. "லீமாவ்?" என்றார். எலுமிச்சையா என்று கேட்கிறார்.

"புக்கான் லீமாவ், துவான். கெத்தா," என்றார் நடராஜா. எலுமிச்சை இல்லை, துரையே, ரப்பர் என்று அர்த்தம்.

தொரை நம்பவில்லை. பழ எண்ணெயைக் கலந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. தகரம் நிறைந்ததும் தீயை அணைத்து, ஆறவைத்து, மூடியைத் திறக்கச் சொன்னார். ஒரு நீளக் குச்சியை எடுத்து, தாரைத் தானே கிளறினார். அடிவரை கிளறினார். அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். அந்த அழுத்தம் வலித்தது. தார் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"பாகுஸ்," என்றார் தொரை. நல்லது.

ராயப்பன் மருந்துப் புட்டியில் பத்திரமாக வைத்திருந்த கடைசிப் பெட்ரோலை ஊற்றி இஞ்சினைக் கிளப்பி, எண்ணெய்க்கு மாற்றினார். லாரி இருமியது. கோழிகள் குதித்து ஓடின. சக்கரங்களுக்குக் கீழே பழங்கள் நசுங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். வெள்ளைப் புகை லயங்களின் மேல் பரவியது. தோட்டம் முழுக்க ஆரஞ்சுத் தோல் உரித்த வாசம்.

அடுத்த தோட்டப் பிரிவுக்குப் போகும் டிவிசன் மேட்டில் ஏறும்போது இஞ்சின் சத்தம் தடுமாறியது, நின்றது. குலவையும் நின்றது. பிறகு ஒரு வெடி, ஒரு செருமல், சத்தம் மேட்டுக்கு அப்பால் இறங்கிப் போயிற்று.

வெயில் சாயும்வரை யாரும் சமைக்கவில்லை. அண்ணன் விறகைப் பிளந்துகொண்டே இருந்தார், தேவைக்குமேல். ஹாரன் சத்தம் முதலில் அவருக்குத்தான் கேட்டது.

ராயப்பன் இறங்கியதும் சொன்னார்: "தெமியாங்ல பாரம் எறக்க நிறுத்துனா ஒரு சீனத் தவுக்கே, கடை மொதலாளி, வந்து எட்டிப் பாக்குறாரு. ஆரஞ்சு ஏத்திட்டு வந்தியா, எனக்குக் கொஞ்சம் குடுலாங்குறாரு. ரப்பர்தான்னேன். நம்பவே இல்ல."

"யாருதான் நம்புனா," என்றார் அண்ணி, நடராஜாவைப் பார்த்து. அன்றைக்கு நடராஜாவும் சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை

ஆள் ஏற்றும் லாரி எங்கள் தோட்டத்துக்குள் வரவில்லை. பெரட்டில் கிராணியார் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார். சுப்பிரமணியம் என்று வந்தபோது அண்ணன், "இருக்கேங்க," என்றார். தினமும் சொல்லும் சொல்தான். அன்று பெண்கள் வரிசையில் யாரோ முதலில் சிரிக்க, எல்லாரும் சிரித்தோம். கிராணியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்த மாதமே அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஜப்பான் தொரை சொன்ன சொல்லைக் காப்பாற்றி அண்ணனின் பெயரை எடுத்துவிட்டாரா, அல்லது அந்த வாரம் ஆள் ஏற்றும் லாரி கோலா சாவா பக்கமே வரவில்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அந்தத் திங்களன்று ஆள் எடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். எடுக்கவில்லை என்று அவருடைய தம்பியே சொன்னார். பலரைக் கேட்டுவிட்டேன், தேடியும் பார்த்துவிட்டேன். அண்ணனை எங்களோடு வைத்தது அந்த எண்ணெய்தானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.